நானூறு மடங்கு

செங்கல்பட்டு
13 ஜூலை 2025

அன்புள்ள ஆனந்தன்,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டாலும் உன்மேல் தவறில்லை. போன வாரம் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் உன் மனைவி வசந்தாவைப் பார்த்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளே கிட்டே வந்து, "அவரு இப்பல்லாம் போன்ல பேசறதில்ல. எதுனா சொல்லணும்னா லெட்டர் போடுங்க" என்று மாமல்லபுரம் விலாசத்தைச் சொன்னாள். ஏன் பேசுவதில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு நீ வேலை பார்த்த மீனவர் நிவாரண அறக்கட்டளையின் செயலாளர் என்னிடம் கொண்டுவந்த ஒலிப்பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புயலில் படகு இன்ஜினை இழந்த கன்னியம்மாவுக்கு யாரோ போன் செய்து, மனு சீக்கிரம் பாஸ் ஆக வேண்டுமென்றால் கமிஷன் தர வேண்டும் என்று கேட்ட அந்த அழைப்பு. மனுக்களைக் கவனித்தவன் நீ. குரலும் உன் குரல் மாதிரி இருக்கிறது என்று அலுவலகத்தில் பேச்சு. பேச்சொலியில் ஆராய்ச்சி செய்தவள் பக்கத்திலேயே கல்லூரியில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடி வந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க உன் குரல் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. என் பிஎச்.டிக்காக நீதான் உன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு புதுப்பட்டினம் குப்பத்திலிருந்து உள்நாட்டு ஊர்கள் வரை போய் ஆட்களைப் பேசவைத்தாய். யாரும் தயங்கக் கூடாது என்று முதலில் நீயே மைக் முன்னால் உட்கார்ந்து பேசினாய். அந்தப் பதிவைத்தான் எடுத்தேன்.

"பேசியது ஆனந்தனாக இருந்தால் இப்படி ஓர் ஒலி கிடைக்கும் வாய்ப்பு, வேறு யாராவது பேசியிருந்தால் கிடைக்கும் வாய்ப்பைப் போல நானூறு மடங்கு" என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணைக் கூட்டத்தில் செயலாளர் அதை, "நானூறில் ஒரு பங்குதான் சந்தேகம், மற்றதெல்லாம் உறுதி" என்று வாசித்தார். இரண்டும் ஒன்றல்ல. என் எண் அந்த ஒலியைப் பற்றியது, அவர் வாசித்தது உன் குற்றத்தைப் பற்றியது. வகுப்பில் வருடாவருடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்துதான் சம்பளம் வாங்குகிறேன். அன்று எழுந்து நின்று சொல்லவில்லை.

இப்போது அந்த நானூறே தவறு என்று தெரிகிறது. உன் பதிவு நல்ல மைக்கில், மூடிய அறையில் எடுத்தது. அழைப்பு செல்போனில் வந்தது. செல்போன் குரலை அப்படியே அனுப்புவதில்லை. குரலைப் பற்றிய ஒரு சுருக்கமான குறிப்பைத்தான் அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் போன் அந்தக் குறிப்பை வைத்து ஒரு குரலைச் செய்துகொள்கிறது. நடுவில் எங்காவது குறிப்பு விட்டுப்போனால், முன்னால் வந்ததைப் பார்த்து இதுவாகத்தான் இருக்கும் என்று அதுவே நிரப்பிக்கொள்கிறது. நான் இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் நானூறு ஆறாகிவிட்டது. ஆறு மடங்கை வைத்துக்கொண்டு யாரையும் வேலையைவிட்டு அனுப்ப முடியாது.

அறக்கட்டளைக்குத் திருத்தம் எழுதப் போகிறேன். அதற்கு முன் நீ போனில் கொஞ்சம் பேசிப் பதிந்து அனுப்பினால் சரியாக ஒப்பிட்டுவிடலாம். உனக்கு விருப்பமிருந்தால் மட்டும்.

சுப்ரஜா


மாமல்லபுரம்
27 ஜூலை 2025

பேராசிரியர் சுப்ரஜா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நான் இங்கே ஒரு சிற்பக்கூடத்தில் வேலை செய்கிறேன். செதுக்குகிற வேலை இல்லை. முடிந்த சிலைகளை வைக்கோல் வைத்துக் கட்டி, மினி லாரியில் ஏற்றி, ஈசிஆர் சாலை ஓட்டல்களுக்குக் கொண்டுபோய் இறக்குகிறேன். பகல் முழுக்கக் கல் அறுக்கிற மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் யார் குரலையும் கவனிப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

போனில் ஏன் பேசுவதில்லை என்று நீங்கள் வசந்தாவிடம் கேட்கவில்லை என்றீர்கள். நானே சொல்கிறேன். அந்தப் பதிவு புதுப்பட்டினம் முழுக்க வாட்ஸ்அப்பில் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் யாருக்குப் போன் செய்து "ஹலோ" என்றாலும் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தம் இருக்காது. அந்த ஒரு நொடியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் "சொல்லுங்க" என்பார்கள். மளிகைக் கடைக்காரர் முதல் மாமியார் வரை இப்படித்தான். நீங்கள் மெஷினில் செய்ததை அவர்கள் காதில் செய்கிறார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

குரல் கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டேன். ஒருமுறை உங்களை நம்பிக் கொடுத்தேன், அதுவே போதும்.

கூட்டம் நடந்த அன்று நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். பதிவை மேஜைமேல் வைத்துப் போட்டார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கன்னியம்மாவைக் கேட்டபோது அந்த அம்மாகூட, "இந்தத் தம்பி கொரலு மாரிதான் கீது. ஆனா இவரு எனுக்கு டீ வாங்கிக் குடுத்தவரு, நான் எப்டி சொல்றது" என்றார். நீங்கள் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு ஆறு மடங்கும் வேண்டாம், நானூறு மடங்கும் வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அன்று நீங்கள் அதை நான்தான் என்று நம்பினீர்களா? மெஷினைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மு. ஆனந்தன்


செங்கல்பட்டு
3 ஆகஸ்ட் 2025

ஆனந்தன்,

ஆமாம். நம்பினேன்.

எண் வருவதற்கு முன்பே நம்பினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் வார்த்தையைக் கேட்டதுமே, "ஐயோ, இது ஆனந்தன்" என்று மனதுக்குள் விழுந்துவிட்டது. அதன் பிறகு நான் போட்ட கணக்கெல்லாம் அந்தச் சந்தேகத்துக்குத் தேடிக்கொண்ட துணைதான். நானூறு என்று வந்தபோது எனக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. உன்னைச் சந்தேகப்பட்டது நான் இல்லை, எண்தான் என்று வைத்துக்கொள்ள முடிந்தது.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுதிவிட்ட பிறகும் லேசாக இல்லை.

அந்த எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. இவன் இப்படிச் செய்கிறவனா என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது எதுவோ, அதோடு சேர்த்துத்தான் அதைப் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடிகிறவரை உன்னோடு ஒரே பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு வந்தவள் நான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மாவுக்குக் காபி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தவன் நீ. இதையெல்லாம் அந்தக் கணக்கில் எங்கே வைத்தேன்? எங்கேயும் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஆளாக உன்னை நினைத்துப் போட்டேன். நடுநிலைமை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

திருத்தத்தை நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். போன் ஒலியில் நான் செய்த பிழை, மாறிய எண், அதை வைத்து இன்னார்தான் என்று சொல்ல முடியாது என்பது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது.

அதில் எழுதாத ஒன்று இருக்கிறது. "வேறு யாராவது" என்று நான் கணக்கில் வைத்தது நாம் பதிவு செய்த ஆட்களை. அவர்கள் யாரும் உனக்கு ரத்த உறவு இல்லை. உன் தாடை, உன் தொண்டை அமைப்பு, உன் வீட்டிலேயே பேசிப் பழகிய நாக்கு, இதெல்லாம் உள்ள ஒருவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அப்படி ஒருவரை எதிரில் வைத்துப் பார்த்தால் ஆறுகூட நிற்காது. பதிவில் பேசுகிறவர் "சொல்லிக்கினு", "வந்துகினு" என்கிறார். நீ காலேஜ் நாளிலிருந்தே அப்படிப் பேசுவதில்லை.

ஒரே ஒரு முறை கேட்கிறேன். பதில் எழுதாவிட்டால் மறுபடி கேட்கமாட்டேன். அந்தச் சமயம் உன் தம்பி மோகன் ஊரில் இருந்தானா?

சுப்ரஜா


மாமல்லபுரம்
24 ஆகஸ்ட் 2025

சுப்ரஜா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. லாரியில் டாஷ்போர்டிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன்.

நம்பினேன் என்று எழுதிவிட்டாய். இல்லை என்று எழுதியிருந்தால் உனக்குப் பதில் போட்டிருக்கமாட்டேன். இனி மரியாதையெல்லாம் வேண்டாம், பழையபடியே எழுதுகிறேன்.

மோகன் ஊரில்தான் இருந்தான். பதிவு உன்னிடம் வருவதற்கு முன்பே செயலாளர் அதை எனக்குப் போட்டுக் காட்டியபோது "இன்னாமா, நல்லாகீறியா" என்று ஆரம்பிக்குமே, அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் மறுபடி போட்டபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள் என்று எழுதினேன் அல்லவா, என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ எனக்கே தெரியாது.

யார் யார் மனு போட்டிருக்கிறார்கள், எது இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நான் வீட்டில் சாப்பிடும்போது பேசுவேன். கன்னியம்மா பாவம், இரண்டு முறை அலைந்துவிட்டார் என்று சொன்னதும் நான்தான். அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவனுக்கு அப்போதுதான் புதுப்பட்டினத்தில் பெண் பார்த்து முடித்திருந்தோம். அப்பா அந்தக் கல்யாணத்துக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அது மட்டும் காரணம் இல்லை. பதிவைச் செங்கல்பட்டு காலேஜ் மேடத்திடம் அனுப்புகிறோம் என்று செயலாளர் சொன்னாரே, அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சுப்ரஜா கேட்டால் இது ஆனந்தன் இல்லை என்று சொல்லிவிடுவாள், அதற்குத்தானே இத்தனை வருடம் படித்தாள் என்று நினைத்தேன். நான் இல்லை என்று மட்டும் ஆனால் போதும். யார் என்று நான் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் நான் வெளியே வந்துவிடலாம். உன் மெஷினை நீ நம்பியதைவிட நான் அதிகமாக நம்பினேன்.

நீ நானூறு என்று சொன்ன பிறகு வாயைத் திறந்தால், மாட்டிக்கொண்டதும் தம்பி தலையில் போடுகிறான் என்பார்கள். அதோடு போயிற்று.

வேலை போன மறுவாரம் மோகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம், "அண்ணாத்த, அது நீ இல்லன்னு எனுக்குத் தெரியும்" என்றான். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவும் அந்தப் பதிவைக் கேட்டார். டீக்கடையில் யாரோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "ரெண்டும் நான் பெத்த புள்ளைங்க கொரலு. எதுன்னு என்னக் கேக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

திருத்தத்தை அனுப்பிவிட்டேன் என்கிறாய். முடிந்தால் திரும்ப வாங்கிக்கொள். நான் இல்லை என்று ஆகிவிட்டால் அடுத்தது யார் என்று தேடுவார்கள். கல்யாணம் இழுத்து இழுத்து வருகிற தையில் வைத்திருக்கிறது. எனக்கு இந்த லாரி போதும்.

ஆனந்தன்


செங்கல்பட்டு
7 செப்டம்பர் 2025

ஆனந்தன்,

உன் கடிதம் என் கைக்கு வந்தபோது நான் புதுப்பட்டினத்தில் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் போயிருக்கவேமாட்டேன்.

திருத்தத்தைப் பார்த்துவிட்டுச் செயலாளர் கூப்பிட்டார். கன்னியம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். "அப்ப ஆனந்தன் இல்லன்னு எழுதிக் குடுக்கறீங்களா மேடம்?" என்றார்.

"அவர்தான்னு சொல்ல முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"இவ்ளோ கிட்ட இருக்கற குரல் வேற யாருக்கு இருக்கும்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "அவருக்கு ஒரு தம்பி இருக்கார் இல்ல?" என்றார்.

நான் மோகன் பெயரைச் சொல்லவில்லை, ஆனந்தன். சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. கூடப்பிறந்தவர்கள் விஷயத்தில் இப்படி ஒரு பதிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. போன தடவை பேச வேண்டிய இடத்தில் பேசாமல் உன்னைக் கெடுத்தேன். இந்தத் தடவையும் வாய் வரவில்லை.

மோகனைக் குரல் கொடுக்க வரச் சொல்லி ஆள் அனுப்பப் போகிறார்கள். நீ முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். நான் இனி எந்த ஒப்பீடும் செய்யப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வரும்போது கன்னியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரு பேசனதுன்னு தெரிஞ்சி எனுக்கு இன்னாம்மா ஆவப்போவுது? அந்த போனை பதிஞ்சிக் குடுத்ததுலேந்து என் மனு அப்டியே கீது. விசாரணை முடியட்டும்றாங்க. படக வாடகைக்கி வுட்டுட்டேன்" என்றார். நீயும் நானும் எழுதிய எந்தக் கடிதத்திலும் அவரைப் பற்றி விசாரித்து ஒரு வரி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே திரும்பிப் போய் அதை மட்டும் சத்தமாகப் பேசிவிட்டு வந்தேன். இந்த மாதம் பாஸ் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சுப்ரஜா


மாமல்லபுரம்
16 செப்டம்பர் 2025

சுப்ரஜா,

மோகன் உன்னைத் தேடி வந்தானா? வீட்டில் இல்லை. போன் அணைந்திருக்கிறது. வந்திருந்தால் இரண்டு வரி எழுது. அவசரம் என்றால் வசந்தா நம்பருக்குச் சொல்.

ஆனந்தன்


செங்கல்பட்டு
19 செப்டம்பர் 2025

ஆனந்தன்,

இங்கே வரவில்லை. வசந்தாவிடமும் சொன்னேன். ரயில்வே ஸ்டேஷனில் போய் இரண்டு மாலை நின்று பார்த்தேன். நின்று என்ன பயன் என்று தெரியாமலே நின்றேன்.

நீ என்னைத் திட்டி எழுதினால்கூட எனக்கு நன்றாக இருக்கும்.

சுப்ரஜா


மாமல்லபுரம்
23 நவம்பர் 2025

அன்புள்ள சுப்ரஜா,

திட்டுவதற்கு ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

குரல் கொடுக்க வரச் சொன்ன அன்று மோகன் அறக்கட்டளைக்குப் போகவில்லை. நேராகக் கன்னியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் நின்று "இன்னாமா, நல்லாகீறியா" என்று கேட்டிருக்கிறான். மீன் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மா கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "நீதானாடா" என்றாராம். பிறகு அவனே அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

சாயங்காலம் சிற்பக்கூடத்துக்கு வந்தான். பின்னால் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். ஏன்டா செய்தாய் என்று கேட்டேன். "சும்மா ஒரு வாட்டி கேட்டுப் பாக்கலாம்னு பண்ணேன். அந்தம்மா ஒடனே சரின்னுச்சி. எனுக்கே பயமா பூட்ச்சி. அப்பறம் போனே பண்ல" என்றான். அப்புறம் அவன், "நீ ஏன் சொல்லல?" என்றான்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீ சொல்லிடுவேன்னு நானும் தெனம் பாத்துக்கினு இருந்தேன். சொல்லியிருந்தின்னா அன்னைக்கே அடிச்சிப் போட்டு முடிச்சிருப்பாங்க."

அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் ஆள் இல்லை. உன்னைக் கேட்டு நான் எழுதியது அதற்குப் பிறகு. பெண் வீட்டார் வந்து நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன மாதம் அவனோடு படித்த பையன் ஒருவன், கோவா பக்கம் ஏதோ துறைமுகத்தில் மோகனைப் பார்த்ததாகச் சொன்னான். அது நிஜமா என்று தெரியவில்லை.

என்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. வசந்தா போகச் சொல்கிறாள். போகவில்லை. அந்த மேஜையைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். கன்னியம்மாவுக்கு இன்ஜின் வந்துவிட்டது, வழியில் பார்த்துச் சொன்னார்.

நீ வருகிறேன் என்று வசந்தாவிடம் சொன்னாயாம். இப்போது வேண்டாம். உன்மேல் கோபம் இல்லை. உன்னைப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் அதைத்தான் பேசுவோம். வேறு ஏதாவது பேச வரும்போது நானே எழுதுகிறேன்.

இன்னொன்று. இதை வசந்தாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

மோகன் போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணிலும் புரை, ஆள் அடையாளமே தெரிவதில்லை. ஊரில் தனியாக இருக்கிறார், வசந்தாதான் தினம் அவருக்குப் போன் செய்வாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் பேச்சு கொஞ்சம் குழறுகிறது என்று பயந்துபோய் போனை என் கையில் திணித்துவிட்டாள். எத்தனை நாள் கழித்துப் பிடிக்கிறேனோ. "நைனா" என்றேன்.

அந்தப் பக்கம் அந்த ஒரு நொடி வரவேயில்லை. உடனே, "மோகனா? எங்கடா கீற? துன்னியா?" என்றார்.

இல்லை, நான் ஆனந்தன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "துன்னேன் நைனா. வேலைக்குப் போய்க்கினுதான் கீறேன். நீ துன்னியா?" என்றேன். அன்றைக்குக் கஞ்சி குடித்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அதிலிருந்து தினமும் நான்தான் பேசுகிறேன். மோகன் மாதிரி பேசுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசினவன்தானே. அவருக்குத் தெரியுமா, தெரிந்துதான் கேட்கிறாரா என்று நீ யோசிப்பாய். எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதில்லை.

நேற்று, "அண்ணங்கிட்ட பேசினியா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா."

"பேசுடா. அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"சரி நைனா, பேசறேன்" என்றேன்.

ஆனந்தன்